கேமராவுக்கு வேர்த்த காலை

அருமை மகனுக்கு உன் அம்மா எழுதிக்கொள்வது. திருத்தங்கலில் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். உங்கய்யாவின் இருமல் குறைந்துவிட்டது, என் முழங்கால் வலி குறையவில்லை. விருதுநகர் ஒரு பஸ் தூரத்தில் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று நீ யோசிப்பாய். போனில் சொன்னால் நீ ‘ம், ம்’ என்று கேட்டுவிட்டு, முக்கியமான இடம் வரும்போது கடைக்கு ஆள் வந்துவிட்டது என்று வைத்துவிடுவாய். நேரில் சொன்னால் பாதியில் நான் அழுதுவிடுவேன், அல்லது சண்டை போட்டுவிடுவேன். எப்படியும் சொல்ல வந்தது நின்றுபோகும். அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் இத்தனை பக்கம் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. அந்த ஐந்தாம் வகுப்பில் கையெழுத்துக்கு எனக்குத்தான் முதல் பரிசு, ஒரு சோப்பு டப்பா. இன்றைக்கும் அதில்தான் ஊசிநூல் வைத்திருக்கிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இது பழைய காலண்டர் தாளின் முதுகில் எழுதியது. முடிக்கிற வரைக்கும் தாளைத் திருப்பி முன்பக்கத்தைப் பார்க்காதே.

நீ சனிக்கிழமை வடக்கே கிளம்புகிறாய். பனி விழுகிற மலை, பனி மூடின கோயில், பனியில் நிற்கிற மரம் என்று அச்சாபீஸ் முதலாளி பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு படம் கேட்டிருக்கிறார். உன்னைப் பெற்றவளுக்கு இதைவிடப் பெருமை என்ன வேண்டும். இந்த வெயில் ஊரில் பிறந்த பிள்ளை, பனியைப் படம் எடுத்துச் சிவகாசியில் அச்சடித்து, நாடு முழுக்க ஆணியில் தொங்கவிடப் போகிறாய். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த இரண்டு பேரிடம் சொல்லியும் விட்டேன். அதில் ஒருத்தி, “அம்புட்டுத் தூரம் போயி வெறும் வெள்ளையவா படம் எடுக்காக?” என்று கேட்டாள். அவளோடு அதற்கப்புறம் நான் பேசவில்லை.

ஆனால் போன வாரம் நீங்கள் எல்லோரும் இங்கே வந்திருந்தபோது ஒன்று நடந்தது. என் மருமகள் முத்து உன் பக்கத்தில் வந்து நின்று, “நானும் கூட வரட்டா? பையத் தூக்க, எழுதி வைக்க ஒரு ஆளு வேணும்ல” என்று கேட்டாள். நீ பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், “நீ வந்தா கேமராவ ரூமுக்குள்ள தூக்கிட்டுப் போயிருவ” என்றாய். எல்லோரும் சிரித்தோம். எட்டு வருஷமாக நீ சொல்கிற வேடிக்கைதானே அது. உங்கய்யா சிரித்தார், உன் மகள் கனி கூட அர்த்தம் தெரியாமல் சிரித்தாள். முத்துவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே உள்ளே போனவள், தனக்கென்று வாங்கிப் பைக்குள் மேலாக வைத்திருந்த புதுச் சுவெட்டரை எடுத்து, மடிப்புக் கலையாமல் அடியில் வைத்தாள். அதைப் பார்த்தது நான் ஒருத்திதான். அந்தச் சுவெட்டர் அடிக்குப் போனது யாரால் என்று சொல்லத்தான் இந்தக் கடுதாசி.

கொடைக்கானலை நினைத்துப் பார். கனிக்குப் பத்து மாதம். உனக்கு முதல் காலண்டர் ஆர்டர். ஏரிக்கரையில், மஞ்சள் வெயிலில், கம்பளிப் பாயில் உட்கார்ந்து சிரிக்கிற குழந்தைப் படம் ஒன்று முதலாளிக்கு வேண்டும், ஆடி மாதம் வெளியிடுகிற ஆல்பத்தில் அதுதான் முதல் பக்கம் என்றார். குழந்தைக்கு எங்கே போவது என்று நீ யோசிக்கும் முன்பே நான் கனிக்குப் பட்டுப்பாவாடை தைக்கக் கொடுத்துவிட்டேன். ஊரில் எத்தனையோ அழகான பிள்ளைகள் இருக்கலாம், அவர்களுக்கெல்லாம் என்னைப் போல ஒரு ஆச்சி இல்லை. அதுவும் நான் வேலை பார்க்கிற அதே அச்சாபீஸ். காலண்டரின் தலையில் தகரப் பட்டை அடிக்கிற பிரிவில் பதினைந்து வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். எத்தனை சாமி, எத்தனை யானைக்குட்டி, எத்தனை அருவி என் கையால் தகரம் வாங்கியிருக்கும். என் பேத்தி முகத்துக்கும் நானே தகரம் அடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டது தப்பா சொல்.

உங்கய்யா அச்சு மெஷினை விட்டு வர முடியாது என்று நின்றுவிட்டார். நாம் நான்கு பேரும்தான் போனோம். மார்கழிக் குளிர். வேர்க்கடலை காய்கிற ஊரில் இருந்து போனவளுக்கு, பேசினால் வாயில் புகை வருகிற ஊரைக் கண்டதும் பாதி உயிர் போய்விட்டது. நீ விடியும் முன்பே எழுந்து, உன்னுடைய அந்த ரெண்டு கண் கேமராவைத் தூக்கிக்கொண்டு வெளிச்சம் பார்க்கப் போனாய். பெரிய பிலிமில் எடுத்தால்தான் காலண்டர் அளவுக்குப் பெரிதாக்க முடியும் என்று அதைத்தானே நம்பியிருந்தாய். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். வெளிச்சம் சரியா என்று பார்க்க, நாம் தங்கியிருந்த லாட்ஜ் வாட்ச்மேன் வீட்டு வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்த அவருடைய பிள்ளையை வைத்து நான்கு படம் எடுத்தாய். சிவப்புச் சுவெட்டர் போட்டு, மூக்கு ஒழுக, கையில் ஒரு கேரட்டைக் கடித்துக்கொண்டிருந்த பிள்ளை.

திரும்பி வந்து கேமராவை வராண்டா நாற்காலியில் வைத்தாய். உள்ளே கொண்டுவரவில்லை. முத்துவைக் கூப்பிட்டு, “இத இங்கனயே இருக்க விடு. உள்ள கொண்டு போயிறாத. நான் பூ வாங்கிட்டு வந்துர்றேன். பிள்ளைய ரெடி பண்ணு, வெயிலு ஏறுறதுக்குள்ள எடுக்கணும்” என்றாய். ஏன் உள்ளே கொண்டு போகக்கூடாது என்று நீ சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஆண்பிள்ளைகள் காரணம் சொல்லாமல் கட்டளை போடுவது நம் வீட்டில் பழக்கம்தான், அதுவும் உங்கய்யாவிடம் நீ எடுத்துக்கொண்டது.

இனி நான் சொல்வதை நின்று படி. நீ போனதும் நான் முத்துவிடம், “ஏத்தா, பிள்ளைக்குப் பால் ஆறிப்போச்சு, கீழ டீக்கடையில கொஞ்சம் சூடு பண்ணி வாங்கிட்டு வா” என்றேன். “அத்தை, அவுக கேமராவப் பாத்துக்கச் சொன்னாக” என்றாள். “நான் இங்கன குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்ல, நீ போ” என்றேன். அவள் போனாள். அவள் தலை மறைந்த மூன்றாவது நிமிஷம் வராண்டாக் கைப்பிடியில் ஒரு குரங்கு வந்து உட்கார்ந்து நாற்காலியையே பார்த்தது. நானும் குரங்கைப் பார்த்தேன். உன் முதல் ஆர்டரைக் குரங்கு தூக்கிக்கொண்டு போக விடுவேனா. பாய்ந்து கேமராவை எடுத்து உள்ளே ஓடி வந்து கதவைச் சாத்தினேன்.

உள்ளே என்ன இருந்தது என்று கேள். மண்ணெண்ணெய் அடுப்பில் பிள்ளைக்குக் குளிக்க ஒரு அண்டா வெந்நீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. குளிர் வரக்கூடாதென்று ஜன்னல் இடுக்கில் எல்லாம் துணி திணித்திருந்தேன். போதாததற்குச் சாம்பிராணி வேறு போட்டிருந்தேன். அந்த ரூமில் இட்லித்தட்டு இல்லாமலே இட்லி வேகும். கேமராவைக் கட்டிலில் வைத்துத் திரும்பிப் பார்க்கிறேன், அதன் இரண்டு கண்ணிலும் வெள்ளையாகப் பூ விழுந்திருந்தது, நம் தெருக்கோடிக் கிழவருக்கு விழுந்த மாதிரி. தொட்டால் சில்லென்று ஈரம். என் மூக்குக்கண்ணாடியை எப்படித் துடைப்பேன் என்று உனக்குத் தெரியும். ஹா என்று ஊதினேன், சேலைத் தலைப்பால் தேய்த்தேன். ஒரு நொடி தெளிந்தது, அடுத்த நொடி முன்னைவிட வெள்ளை. மறுபடி ஊதினேன், மறுபடி தேய்த்தேன். பிறகு எனக்கு ஒரு புத்தி வந்தது. அந்தப் புத்தி வராமலே இருந்திருக்கலாம். ஈரம்தானே, காய்ந்தால் போய்விடும் என்று கேமராவைத் தலைகீழாகப் பிடித்து, கொதிக்கிற அண்டாவுக்குப் பக்கத்தில் அடுப்புச் சூட்டில், அப்பளம் வாட்டுகிற மாதிரி வாட்டினேன்.

வெளி ஈரம் போனது. உள்ளே போன ஆவி உள்ளேயே தங்கிவிட்டது. மேல் கண் பளிச்சென்று ஆனது. கீழ் கண்ணில் மட்டும், சேலைத் தலைப்பு எட்டாத ஆழத்தில் ஒரு மங்கல். நான் என்ன கண்டேன். நீ எப்போதும் குனிந்து மேலே இருக்கிற பெட்டிக்குள்தான் பார்ப்பாய். பார்க்கிறது மேல் கண், கீழே இருப்பது அழகுக்கு, இல்லாவிட்டால் ஒன்று கெட்டால் இன்னொன்று என்று வைத்திருப்பான் என்று நினைத்தேன். படம் பிடிப்பதே கீழ் கண்தான் என்று எனக்கு யார் சொன்னார்கள். குரங்கு போயிருந்தது. கேமராவை நாற்காலியில் எப்படி இருந்ததோ அப்படியே, வார் தொங்குகிற பக்கம்கூட மாறாமல் வைத்துவிட்டு வந்து அடுப்பை அணைத்தேன். குளிரில் வைத்ததும் உள்ளே இருந்த ஆவி இன்னும் கெட்டியாகப் படிந்திருக்கும், அது இப்போதுதான் எனக்குத் தெரியும். முத்து பாலோடு வந்தாள். நீ பூவோடு வந்தாய். மேலிருந்து குனிந்து பார்த்தாய், மேல் கண்ணில் கனி தங்கமாகத் தெரிந்தாள். மீதி எட்டுப் படத்தையும் எடுத்தாய். ஒவ்வொரு தடவை டிக்கென்ற போதும் நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பிள்ளைக்குக் கண்படக் கூடாதென்று வேண்டுகிறேன் என்று நீ நினைத்தாய்.

சுருள் சென்னைக்குப் போய்க் கழுவி வந்த நாள் உனக்கு மறக்காது. அச்சாபீஸில் விளக்கு எரிகிற கண்ணாடி மேசையில் பரப்பினாய். உங்கய்யா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். கேரட் பிள்ளை நான்கு படத்திலும் மூக்கு ஒழுகுவது வரைக்கும் தெளிவு. கனி எட்டிலும் சாம்பிராணிப் புகைக்குள் ஏதோ பட்டுப்பாவாடை உட்கார்ந்திருக்கிற மாதிரி. உங்கய்யா எண்ணிப் பார்த்துவிட்டு, “நாலு நல்லாருக்கு, எட்டு ஆவி புடிச்சிருக்கு. நடுவுல கேமரா சூட்டுக்குள்ள போயிருக்குலே. ரூமுக்குள்ள வெந்நி வச்சது யாரு?” என்றார்.

“பிள்ளைக்கு வெந்நி வைக்காம பச்சத்தண்ணியவா ஊத்துவாக?” என்றேன் நான்.

“வெந்நி வச்சது சரி. கேமரா எப்படி அங்கன போச்சு?”

நீ முத்துவைப் பார்த்தாய். “உங்கிட்டதான சொல்லிட்டுப் போனேன்.”

“நான் எடுக்கலைங்க.”

“அப்ப அது தானா நடந்து போச்சாக்கும்?”

முத்து என்னைப் பார்த்தாள். நான் “பிள்ளை அழுகுறா” என்று சொல்லி, தூங்கிக்கொண்டிருந்த கனியை வாரி எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். எழுப்பியதில் அவள் நிஜமாகவே அழுதாள், அந்த அளவுக்கு நான் சொன்னது உண்மையாகிவிட்டது.

இதில் பெரிய கேவலம் எது தெரியுமா? எனக்குத் தெரியாத விஷயம் இல்லை இது. நீ பிறக்கும் முன்பு, மழையில் லோடு வந்து இறங்கிய காகிதக் கட்டுகளை, உங்கய்யாவுக்கு ஒத்தாசை பண்ணுகிறேன் என்று நான் அன்றைக்கே உறையைக் கிழித்துப் பிரித்து அடுக்கினேன். மறுநாள் தாள் ஓரமெல்லாம் அலை அலையாக நெளிந்து, ஒரு கலர் மேல் இன்னொரு கலர் உட்காராமல், லட்சுமிக்கு நாலு புருவமும் ரெண்டு மூக்கும் வந்தது. அப்போது உங்கய்யா, “ஏ புள்ள, வெளியூர்க் காகிதம் மெஷின் ரூமு சூட்டுக்கு ஒத்துப்போற வரைக்கும் உறையோட கெடக்கணும். அவசரப்பட்டுப் பிரிச்சா ஈரத்தக் குடிச்சிரும்” என்று சொன்னார். நான்கு நாள் என்னோடு பேசாமலும் இருந்தார். காகிதத்துக்குத் தெரிந்துகொண்ட பாடத்தைக் கேமராவுக்குப் பொருத்திப் பார்க்க எனக்குப் புத்தி இல்லை. அல்லது குரங்கைப் பார்த்ததில் மறந்துவிட்டது என்று வைத்துக்கொள்.

முதலாளி கேரட் பிள்ளையைப் பார்த்தார். “இதுவே ஜோராத்தான இருக்கு, மறுபடி எதுக்குப் போயிக்கிட்டு” என்று முடித்துவிட்டார். உன் ஆர்டர் பிழைத்தது. நீ வாட்ச்மேனுக்குத் தபாலில் ஐந்து காலண்டர் அனுப்பினாய், அந்தக் குணம் என்னிடம் வாங்கியது. எனக்குக் கிடைத்த தண்டனை என்ன தெரியுமா? ஐப்பசி, கார்த்திகை முழுக்க அந்தக் கேரட் பிள்ளைக்கு நான் தகரம் அடித்தேன். ஒவ்வொன்றாக என் முன்னால் வந்து கேரட்டைக் கடித்துவிட்டுப் போனது. பிறகு ஒரு வருஷம் எங்கே திரும்பினாலும் அவன்தான். டீக்கடை, சலூன், மிளகாய் மண்டி, ரேஷன் கடை, எல்லாச் சுவரிலும். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் என்னோடு வேலை பார்க்கிறவள், “இந்தப் படம் எடுத்தது உங்க மகன்தானாமே, இது உங்க பேத்தியா?” என்று கேட்டாள். என் வாய் சும்மா இருந்திருக்கலாம். “ஆமா” என்றது. “கன்னத்துல மச்சம் இருக்கே?” என்றாள். “அது திருஷ்டிப் பொட்டு” என்றேன். “கிராப்பு வெட்டியிருக்கே?” “மொட்டை போட்டு வளந்துச்சு.” அதற்குப் பிறகு அந்தப் பொய்யை நிறுத்த முடியவில்லை. இன்றைக்கு எட்டு வயதாகிறது, அந்தப் படம் தான்தான் என்று கனி நம்பிக்கொண்டிருக்கிறாள். தனக்குக் கேரட் பிடிக்காமல் போனதற்கே சின்ன வயதில் நிறையத் தின்றதுதான் காரணம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறாள். அதையும் நான் சரிசெய்ய வேண்டும். நீ ஊருக்குப் போன பிறகு செய்கிறேன். ஒரு வாரத்துக்கு ஒரு பொய்தான் என்னால் அவிழ்க்க முடியும்.

நேற்று முத்து தனியாக வந்தாள், கனி தலைக்கு நான் காய்ச்சுகிற எண்ணெய் வாங்க. நான் கறிவேப்பிலை உருவிக்கொண்டே, “ஏத்தா, நீ போகலையா அவனோட?” என்றேன். “இல்ல அத்தை. அவுக சொல்றதும் சரிதான். ஒருதடவ கெட்டது, அவுகளுக்குப் பயம் இருக்கும்ல” என்றாள். நான் பேச்சை மாற்ற, “பனிக்குள்ள அவனோட புதுக் கேமரா என்ன பாடு படுமோ” என்றேன். அவள் சொன்னாள்: “அத்தை, பனிக்குள்ள இருக்கையில அதுக்கு ஒண்ணும் ஆகாது. உள்ள வரும்போதுதான் கேடு. குளுந்து கெடக்கிற கேமராவ வெதுவெதுன்னு இருக்கிற ரூமுக்குள்ள கொண்டு வந்தா, அங்க காத்துல இருக்கிற ஈரமெல்லாம் வந்து அதுமேல படிஞ்சிரும். ஐசுல வச்ச கலர் பாட்டில் வெளிய எடுத்ததும் வேர்க்கும்ல, அதுதான். அதனால வெளிய நிக்கும்போதே பிளாஸ்டிக் பையில போட்டு, காத்த அமுக்கி எடுத்துட்டு, இறுக்கக் கட்டித்தான் உள்ள கொண்டு வரணும். வேர்த்தா பை வேர்க்கட்டும். ரெண்டு மணி நேரம் பிரிக்கக் கூடாது. எடுத்த படத்தப் பாக்க அவசரமா இருந்தா, கார்டையும் பேட்டரியையும் வெளியிலயே கழட்டிச் சட்டைப் பைக்குள்ள வச்சுக்கணும். படம் எடுக்கும்போது கண்ணாடிகிட்ட மூச்சு விடக் கூடாது. அப்படியும் உள்ள ஆவி பிடிச்சிட்டா ஊதவும் கூடாது, துடைக்கவும் கூடாது, வாட்டவும் கூடாது. அதுவா போற வரைக்கும் சும்மா இருக்கணும்.”

வாட்டவும் கூடாது என்று சொன்னபோது அவள் என்னைப் பார்க்கவில்லை. கறிவேப்பிலையைப் பார்த்துத்தான் சொன்னாள். “இதெல்லாம் உனக்கு யாரு சொன்னது?” என்று கேட்டேன். “கடையில கெடக்கிற கேமராப் புத்தகமெல்லாம் எழுத்துக்கூட்டிப் படிச்சேன் அத்தை. நம்ம செஞ்சதா பேரு வாங்கியாச்சு. அது எப்படி ஆகும்னாவது தெரிஞ்சுக்கிற வேணாமா?” என்று சொல்லிவிட்டு எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவளுக்குத் தெரியுமா என்று நான் கேட்டதில்லை. தெரியும் என்று சொல்லிவிட்டால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவள் கையால் காபி வாங்கிக் குடிப்பது என்று பயம். எட்டு வருஷம் அவள் உறையைப் பிரிக்காமல் வைத்திருக்கிறாள். என்னை உன் முன்னால் காட்டிக்கொடுக்க ஒரு வார்த்தை போதும், அந்த வார்த்தையை அவள் சொல்லவில்லை.

மகனே, உன்னைப் பெற்ற உரிமையில் சொல்கிறேன். உன் கையில் இருக்கிற கேமராவைப் பற்றி உன்னைவிட நன்றாகத் தெரிந்தவள் உன் வீட்டில் இருக்கிறாள். நீ அவளைக் கடையில் கேமரா அலமாரிப் பக்கம் போகவிடாமல் ரசீது எழுத உட்கார வைத்திருக்கிறாய். அந்தத் தப்பு உன்னுடையது அல்ல, என்னுடையது. ஆனால் இதைப் படித்த பிறகும் அப்படியே வைத்திருந்தால் அது உன்னுடையது. மன்னிப்புக் கேட்கிற கலை நம் குடும்பத்தில் யாருக்கும் வராது, உங்கய்யா லட்சுமியின் நாலு புருவத்துக்குப் பேசாமல் இருந்ததற்கு இன்றுவரை வருத்தம் தெரிவிக்கவில்லை. நீயாவது முயற்சி செய். தெரியாவிட்டால் அந்தச் சுவெட்டரைப் பைக்கு மேலே எடுத்து வை, அவள் புரிந்துகொள்வாள்.

உங்கய்யாவிடம் எல்லாவற்றையும் இன்று காலை சொல்லிவிட்டேன். மனுஷர், “கொடைக்கானல்ல இருந்து நீ கொண்டு வந்த சேலையில கரி பட்டிருந்துச்சு, நான் அப்பவே நெனச்சேன்” என்றார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு விருதுநகர் ஸ்டேஷனுக்குப் போய், உன் ரயிலிலேயே முத்து பேருக்கும் டிக்கெட் எடுத்து வந்துவிட்டார். கனி என்னோடு இருக்கட்டும். பள்ளிக்கூடத்துக்கு நான் கூட்டிப்போகிறேன். முத்துவை நாளைக்கு மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன், இந்தக் கடுதாசியை அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன், கவரை ஒட்டவில்லை. பஸ்ஸில் அவள் படித்தால் படிக்கட்டும், அவளுக்கும் சேர்த்து எழுதியதுதான்.

இப்போது தாளைத் திருப்பிப் பார். ஆமாம், அவனேதான், கேரட்டோடு. தகரம் அடிக்கும்போது கோணிப்போன தாள்களில் ஒரு கட்டு நான் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தேன், ஏன் என்று எனக்கே தெரியாது. முதுகில் எழுத இடம் இருந்ததே, அதற்குத்தான் போலிருக்கிறது.

அங்கே போய்ச் சேர்ந்ததும் கேமராப் பையை முத்து தோளில் மாட்டு. கட்டுவது, பிரிப்பது, காத்திருப்பது எல்லாம் அவள் சொல்படி நடக்கட்டும். நீ பூ வாங்கவோ டீ குடிக்கவோ தைரியமாகப் போய் வரலாம். குரங்கு வந்தாலும் பரவாயில்லை, கேமராவைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓட நான் அங்கே இருக்க மாட்டேன்.

உன் அம்மா